சான்றிதழில் ஒரு கட்டம்



திருமணம் என்றதும் மேளமும் மாலையும் விருந்தும் நம் நினைவுக்கு வருகின்றன. சட்டம் பார்ப்பது இவற்றையல்ல. பதிவேட்டில் எழுதப்படும் ஒரு வரியையே அது பார்க்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிப் பதிவேடுகளில் கையொப்பமிட்டவன் நான். ஒரு வரியின் கனத்தைச் சற்று அறிவேன். ஒரே பாலினத்தவர் இருவர் சேர்ந்து வாழ்வதோடு நில்லாமல், திருமணத்திற்குச் சட்டத்தின் ஏற்பையும் கேட்பானேன் என்று வினவுவோர் உளர். அவர்களுக்கு அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்வேன்.

ஒகையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரில் ஜிம் ஓபர்கெஃபெல், ஜான் ஆர்தர் என்னும் ஆடவர் இருவர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இணைந்து வாழ்ந்து வந்தனர். ஆர்தரை, நரம்புகள் செயலிழந்து தசைகள் சோர்ந்துபோகும் தீராத நோய் பற்றியது. ஒகையோவோ 2004-ஆம் ஆண்டில் தன் அரசியலமைப்பையே திருத்தி இத்தகைய திருமணங்களைத் தடுத்திருந்தது. ஆகவே 2013 ஜூலை 11 அன்று, எழுந்திருக்க இயலாத ஆர்தரை மருத்துவ விமானத்தில் ஏற்றிக்கொண்டு, அதற்கு இடமளித்த மேரிலாந்து மாநிலத்திற்குச் சென்றனர். பால்டிமோர் விமான நிலையத்தில், விமானத்தை விட்டு இறங்காமலே திருமணம் நிறைவேறியது.

ஊர் திரும்பிய பின் ஒரு வழக்கறிஞர் அவர்களுக்கு இறப்புச் சான்றிதழின் படிவத்தைக் காட்டினார். ஆர்தர் மறைந்தால் அதில் 'மணமாகாதவர்' என்றே எழுதுவார்கள். வாழ்க்கைத்துணையின் பெயருக்குரிய கட்டம் வெறுமையாய் இருக்கும். ஆர்தரின் குடும்ப இடுகாட்டில் வழித்தோன்றல்களுக்கும் அவர்தம் மணத்துணைகளுக்கும் மட்டுமே இடம். அக்கட்டம் நிரம்பாவிடில், பின்னாளில் ஓபர்கெஃபெல் அவரருகே அடக்கம் பெறவும் வழியில்லை.

இருவரும் நீதிமன்றம் சென்றனர். நீதிபதி டிமத்தி பிளாக் சுட்டிக்காட்டிய ஒரு செய்தி நமக்கு வியப்பளிக்கும். மாமன் மகளை மணப்பதை நம்மவர் உரிமை என்றே பேசுவர். ஒகையோவிலோ அது விலக்கு. ஆயினும் வேறு மாநிலத்தில் அவ்வாறு மணந்து வந்தவர்களை ஒகையோ தம்பதியராக ஏற்றுக்கொள்கிறது. அவர்களுக்குக் காட்டும் நியாயத்தை இவர்களுக்கு மறுப்பது எங்ஙனம் என்று கேட்டு, கட்டத்தை நிரப்புமாறு அவர் ஆணையிட்டார். அவ்வாண்டு அக்டோபர் 22 அன்று ஆர்தர் காலமானார்.

மறு ஆண்டு மேல்முறையீட்டு மன்றம் ஒகையோவின் பக்கம் நின்றது. 2015 ஜூன் 26 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், நாடு முழுவதும் இவ்வுரிமை உண்டு எனத் தீர்ப்பளித்தது. மாறுபட்ட நால்வருள் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்சும் ஒருவர். இது மக்களும் சட்டமன்றங்களும் முடிவு செய்யவேண்டியது என்பது அவர் வாதம். எளிதில் புறந்தள்ளத்தக்க வாதமன்று அது. நம் உச்ச நீதிமன்றமும் 2023 அக்டோபர் 17 அன்று இதனைச் சட்டமியற்றும் மன்றத்தின் பொறுப்பாகவே விட்டது. எனினும், மன்றங்கள் கூடித் தீர்மானிக்கட்டும் என்று காத்திருக்க ஆர்தருக்குக் காலம் வாய்க்கவில்லை. மணம் முடிந்தபின் அவர் உயிரோடிருந்தது 103 நாட்களே.