நீலத் திரை வராது என்று கணக்குப் போட்டு நிரூபிக்க முடியுமா? கிண்டியில் படித்த ஸ்ரீராம் ராஜாமணியின் ஆய்வு சொல்வது என்ன?

2024 ஜூலை 19. உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையைக் காட்டிவிட்டு நின்றுபோயின. சென்னை உட்பட இந்திய விமான நிலையங்களில் செக்-இன் பணிகள் தடுமாறின. சில இடங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். வைரஸும் இல்லை, ஹேக்கரும் இல்லை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஓர் அப்டேட்டில் இருந்த கோளாறுதான் காரணம்.

ஒரு சின்னக் கோளாறு மொத்த கம்ப்யூட்டரையும் எப்படிச் சாய்க்கிறது? ‘இப்படி நடக்காது’ என்று முன்கூட்டியே நிரூபிக்க வழி உண்டா? இந்தக் கேள்வியோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியவர்களில் ஒருவர், சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஸ்ரீராம் ராஜாமணி.

வரப்பு இல்லாத பாத்தி

புதுச்சேரியை ஒட்டிய பெரிய முதலியார்சாவடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள் வரும். பாத்தி பாத்தியாகப் பிரித்து நடுவே வரப்பு கட்டியிருப்பார்கள். ஒரு பாத்தியில் தண்ணீர் கெட்டாலும் அடுத்த பாத்தி தப்பிக்கும்.

கம்ப்யூட்டரின் இயங்குதளமும் அப்படித்தான். ஒவ்வொரு செயலிக்கும் தனிப் பாத்தி. பிரவுசர் நின்றுபோனால் பிரவுசர் மட்டும் மூடும். ஆனால் பிரிண்டர், நெட்வொர்க் கார்டு போன்றவற்றை இயக்கும் ‘டிரைவர்’ என்ற நிரல்களில் பெரும்பாலானவை, ‘கெர்னல்’ எனப்படும் மையப் பகுதிக்குள்ளேயே ஓடுகின்றன. அங்கே வரப்பு கிடையாது. டிரைவர் தவறினால் எல்லாம் காலி. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பதிவான செயலிழப்புகளில் 85 சதவீதத்துக்கு டிரைவர்களே காரணம் என்று 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை குறிப்பிட்டது.

சோதித்துப் பார்த்தால் போதாதா?

போதாது. 32 பிட் எண்கள் இரண்டை வாங்கிக்கொள்ளும் ஒரு சின்ன நிரலை எடுத்துக்கொள்வோம். எல்லாச் சேர்க்கைகளையும் நொடிக்கு 100 கோடி வீதம் சோதித்தாலும் முடிக்க 580 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்!

அதற்காகக் கணிதம் கைகட்டி நிற்பதில்லை. முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 டிகிரி என்று பள்ளியில் படித்தோம். உலகத்து முக்கோணங்களை எல்லாம் யாரும் அளந்து பார்க்கவில்லை. ஒரே நிரூபணம் எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது. நிரலுக்கும் அப்படி ஒரு நிரூபணம் தருவதுதான் ‘முறைசார் சரிபார்ப்பு’.

ஸ்லாம் என்ன செய்தது?

ராஜாமணி அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1999இல் முனைவர் பட்டம் முடித்து, மைக்ரோசாஃப்டின் ஆய்வுப் பிரிவில் சேர்ந்தார். அங்கே தாமஸ் பாலுடன் சேர்ந்து தொடங்கிய திட்டம்தான் ‘ஸ்லாம்’.

எந்த நிரலைக் கொடுத்தாலும் அது என்ன செய்யும் என்று பிசகாமல் சொல்லிவிடும் கருவி சாத்தியமே இல்லை என்று ஆலன் டூரிங் 1936இலேயே காட்டிவிட்டார். அதனால் ஸ்லாம் பெரிய கேள்வியை விட்டுவிட்டு, சின்னக் கேள்விகளைக் கேட்டது. உதாரணமாக: ‘பூட்டிய பூட்டைத் திறக்காமல் மறுபடியும் பூட்டப் பார்க்கிறதா?’ டிரைவர் அப்படிச் செய்தால் கம்ப்யூட்டர் உறைந்துவிடும்.

இந்தக் கேள்விக்கு வேண்டாத விவரங்களை எல்லாம் உதறிவிட்டு, நிரலின் எலும்புக்கூட்டை மட்டும் ஸ்லாம் எடுத்துக்கொள்ளும். அதில் சாத்தியமான பாதைகளை எல்லாம் அலசும். தவறான பாதை ஒன்று சிக்கினால், அசல் நிரலிலும் அது நடக்குமா என்று பார்க்கும். நடக்கும் என்றால் பிழை பிடிபட்டது. நடக்காது என்றால் எலும்புக்கூட்டில் இன்னும் கொஞ்சம் விவரம் சேர்த்து மறுபடியும் அலசும். மனிதர் உட்கார்ந்து நிரூபணம் எழுத வேண்டியதில்லை.

டிரைவர்களைப் பற்றி நிரூபணம் தரும் கருவிகள் உருவாவதை 2002இலேயே பில் கேட்ஸ் ஒரு மாநாட்டு உரையில் குறிப்பிட்டார். பின்னர் ‘ஸ்டாட்டிக் டிரைவர் வெரிஃபயர்’ என்ற பெயரில் இந்தக் கருவி டிரைவர் எழுதுபவர்களின் கைக்கே வந்தது. 2011இல் பாலும் ராஜாமணியும் இத்துறையின் முக்கிய விருதான சிஏவி விருதைப் பெற்றார்கள். பெங்களூருவில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்துக்கும் ராஜாமணி தலைமை ஏற்றார்.

முழு கெர்னலையே நிரூபிக்கலாமா?

ஆஸ்திரேலியாவில் செய்து காட்டினார்கள். ‘எஸ்இஎல்4’ என்ற சிறிய கெர்னல், அதற்கு எழுதிவைத்த விதிமுறைப்படியே நடக்கும் என்று 2009இல் ஒரு குழு நிரூபித்தது. நிரல் சுமார் 8,700 வரிகள்தான். நிரூபணமோ சுமார் 2 லட்சம் வரிகள்! ஒருவரே செய்திருந்தால் ஏறத்தாழ 20 ஆண்டுகள் பிடித்திருக்கும். கோடிக்கணக்கான வரிகள் உள்ள விண்டோஸுக்கு இது கட்டுப்படியாகுமா? அதனால்தான் சின்னக் கேள்விகளைத் தானாகவே சரிபார்க்கும் வழிக்கு மதிப்பு.

அப்புறம் 2024இல் ஏன்?

அன்று விழுந்த கிரவுட்ஸ்ட்ரைக் டிரைவர் முறைப்படி சான்று பெற்றதுதான். வினை, அந்த டிரைவர் படிக்கும் தகவல் கோப்பாக வந்தது. 21 மதிப்புகளை எதிர்பார்த்த இடத்தில் 20 மட்டுமே இருந்தன. இல்லாத 21ஆவதைத் தேடிப்போன டிரைவர், தன் எல்லைக்கு வெளியே இருந்த நினைவகத்தைத் தொட்டது. கதை முடிந்தது.

நிரூபணத்தின் பலமும் எல்லையும் இங்கேதான் தெரிகின்றன. கேட்ட கேள்விக்கு அது சந்தேகத்துக்கு இடமில்லாமல் பதில் சொல்லும்; கேட்காத கேள்விக்கு வாய் திறக்காது. எந்தக் கேள்வியைக் கேட்பது என்று முடிவு செய்வது இன்னும் மனிதர் வேலைதான்.

அந்த வேலையில் ஆர்வம் உள்ள மாணவர்கள் அமெரிக்காவுக்கே போக வேண்டும் என்பதில்லை. சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகத்திலும் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்திலும் இந்தத் துறையில் பல ஆண்டுகளாக ஆய்வு நடந்துவருகிறது. தேவையானவை தர்க்கமும், கணிதமும், ‘இது எங்கே தப்பாகும்?’ என்று விடாமல் கேட்கும் புத்தியும்தான்.