ஆற்றுவழியும் பொதுவுரிமையும்

ஆற்றின் இரு கரைகளும் அடிநிலமும் ஒருவருக்கே சொந்தமாயின், அந்நீரில் மற்றோர் வள்ளம் செலுத்தலாமோ? ஸ்கொத்லாந்தின் ஸ்பே ஆறு இவ்வினாவிற்கு விடை தந்துள்ளது.

அவ்வாற்றின் ஒரு பகுதியில் சமன் என்னும் மீனைப் பிடிக்கும் உரிமை பெற்றோர், வள்ளங்களால் தம் மீன்பிடி கெடுகின்றதெனக் கூறி, வள்ளப் பயிற்சிப் பள்ளியொன்றின்மீது வழக்குத் தொடுத்தனர். பிரபுக்கள் சபை வரை சென்ற அவ்வழக்கு 1976 ஆம் ஆண்டில் முடிவுற்றது. முற்காலத்தில் மரத்தொழிலாளர் காட்டுமரங்களை அவ்வாற்றில் மிதக்கவிட்டுக் கடல்வரை கொண்டு சென்றனர். அந்நெடுங்கால வழக்கமே பொதுமக்களின் உரிமைக்குச் சான்றென நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். பிழைப்புக்காக உழைத்தோர் வகுத்த வழி, பொழுதுபோக்காகத் துடுப்பு வலிப்போருக்கும் உரியதாயிற்று.

ஆயினும், இத்தகைய சான்று எல்லா ஆறுகளுக்கும் கிடைப்பதன்று. இக்குறையை 2003 ஆம் ஆண்டின் ஸ்கொத்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம் நீக்கிற்று. இயந்திரம் பூட்டாத வள்ளங்களில் உள்நாட்டு நீர்நிலைகளிற் செல்லும் உரிமையை அஃது யாவர்க்கும் வழங்கியது. பொறுப்புடன் ஒழுகுதலே நிபந்தனை. இங்கிலாந்திலும் வேல்சிலும் நிலைமை வேறு. அங்கு 2000 ஆம் ஆண்டுச் சட்டம் திறந்த வெளிகளில் நடந்து செல்ல உரிமை தந்ததேயன்றி, ஆறுகளில் வள்ளம் செலுத்தத் தரவில்லை. ஆதலால், கடலின் வற்றுப்பெருக்கு எட்டாத ஆறுகள் பலவற்றில் இன்றும் பிணக்கு நீடிக்கின்றது.

மாணவர்காள்! உரிமையைச் சட்டம் தரலாம். அதனைக் காப்பது ஒழுக்கமே. மீன்பிடிப்போனுக்கு இடையூறின்றி அமைதியாகக் கடந்து செல்பவனே, தனக்குப் பின் வருவோனுக்கும் ஆற்றைத் திறந்து வைப்பவனாவான்.