மொரிஸ் மைனருக்கு எந்த பிஸ்டன்?

கல்முனையிலிருந்து இரவு பஸ் ஏறி, விடியக் கொழும்பில் இறங்கி, பஞ்சிகாவத்தையில் ஒரு பழைய கடைக்குப் போகிறோம். "மொரிஸ் மைனருக்கு பிஸ்டன் செட் இருக்கா காக்கா?" என்று கேட்கிறோம். தொழில் தெரிந்த கடைக்காரர் உடனே பெட்டியை எடுக்கமாட்டார். "எந்த எஞ்சின் தம்பி?" என்று திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் வாங்கிவரும் சாமான், எவ்வளவு நல்ல ஒரிஜினலாக இருந்தாலும், நம்முடைய காருக்கு உதவாது.

மொரிஸ் மைனர் என்ற ஒரே பெயரில் நான்கு வகை எஞ்சின்கள் வந்திருக்கின்றன. அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948-இல் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானபோது, அதில் இருந்தது 918 சி.சி. எஞ்சின். வேல்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில், புளொக்கிலேயே இருக்கும் பழைய முறை. 1952-இல் ஒஸ்டினும் மொரிஸும் ஒரே நிறுவனமாக இணைந்தன. அதோடு ஒஸ்டினின் 803 சி.சி. எஞ்சின் மைனருக்குள் வந்தது. வேல்வுகளும் ஹெட்டுக்கு ஏறின. 1956-இல் 948 சி.சி., 1962-இல் 1098 சி.சி. என்று அது வளர்ந்தது. 1971-இல் உற்பத்தி நிற்கும்வரை ஏறத்தாழ 16 இலட்சம் கார்கள் வெளிவந்தன.

அவற்றில் நம் நாட்டுக்கு வந்தவை இன்றும் ஓடுவதற்கு ஒரு காரணம் உண்டு. 1960-களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி இறுகியது. 1977-இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை, இருந்த காரைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. கொழும்பில் மஞ்சள் கூரை போட்ட மைனர்கள் டாக்சியாக ஓடின. திருத்தியவர்கள் கெட்டிக்காரர்கள். கைக்குக் கிடைத்த எதையும் பொருத்தி ஓடவைத்தார்கள். ஒஸ்டின் ஏ35 எஞ்சின் மைனருக்குள் போனது, 803-ஐக் கழற்றிவிட்டு 948-ஐ இறக்கினார்கள். இந்தத் திறமையை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் அதனால் ஒன்று நேர்ந்துவிட்டது. காரின் பதிவுப் புத்தகத்தில் உள்ள ஆண்டும், ஆங்கில எழுத்து நம்பர் பிளேட்டா ஶ்ரீ நம்பர் பிளேட்டா என்பதும் காரின் வயதைத்தான் சொல்லும். உள்ளே இருக்கும் எஞ்சினைப் பற்றி அவற்றுக்கு எதுவும் தெரியாது.

ஆகவே பொனட்டைத் திறந்து எஞ்சினையே கேட்கவேண்டும். புளொக்கின் வலப்பக்கம், டைனமோவுக்கு மேலே, ஒரு சிறிய உலோகத் தகடு இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தால் எழுத்துகள் தெரியும். 9எம் என்று தொடங்கினால் 948 சி.சி. மொரிஸ் மைனர் எஞ்சின். 9ஏ என்றால் அது ஒஸ்டின் காரிலிருந்து வந்தது. 10எம்ஏ என்றால் 1098 சி.சி. தொடர்ந்து வரும் எழுத்துகளில் எச் இருந்தால் கூடிய அமுக்கம், எல் இருந்தால் குறைந்த அமுக்கம். அந்த ஒரே எழுத்து பிஸ்டனின் தலை வடிவத்தையே மாற்றிவிடும். குறைந்த அமுக்கத்துக்கான பிஸ்டன் தலையில் ஆழமான குழி இருக்கும்.

இங்கேதான் விஷயம் சுவையாகிறது. 803, 948, 1098 மூன்றும் 'ஏ சீரிஸ்' என்ற ஒரே குடும்பம். 1951-இல் ஒஸ்டின் ஏ30-இல் தொடங்கிய அந்தக் குடும்பம், மினி காரில் 2000-ஆம் ஆண்டுவரை வாழ்ந்தது. ஒஸ்டின் ஏ35, ஏ40 ஃபரினா, ஒஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட் எல்லாம் அந்த வம்சம்தான். மைனருக்கு வேண்டிய சரியான சாமான் மைனர் என்று எழுதாத பெட்டியில் கிடக்கக்கூடும். மினியின் பெட்டியைத் திறந்து பார்க்கத் தெரிந்தவருக்குத் தேடும் இடம் பல மடங்கு விரிகிறது.

ஆனால் உறவு நெருங்க நெருங்க ஏமாற்றமும் கூடும். 948-இன் கனெக்டிங் ரொட்டில் பிஸ்டன் பின்னை ஒரு போல்ட் இறுக்கிப் பிடிக்கும். 1098-இல் பின் புஷ்ஷுக்குள் சுதந்திரமாகச் சுழலும். ஆகவே ஒன்றின் பிஸ்டன் மற்றதன் ரொட்டில் சேராது. 948-க்கு கிளட்ச் தட்டு ஆறேகால் அங்குலம், 1098-க்கு ஏழேகால். ஒயில் பம்பைச் சுழற்றும் முனை இந்தக் குடும்பத்தில் மூன்று வகை: ஆணி, பிளவு, நட்சத்திரம். கெம் ஷாப்டின் முனை எதுவோ அதற்கேற்ற பம்ப்தான் வேண்டும். எல்லாவற்றிலும் கவனிக்கவேண்டியது 12ஜி940 என்று வார்ப்பில் எழுதிய ஹெட். அது 1275 சி.சி. எஞ்சினுக்கு உரியது. பெரிய வேல்வு, நல்ல காற்றோட்டம் என்று சொல்லி விற்பார்கள். 948 புளொக்கிலும் அழகாக உட்காரும். ஆனால் சிலிண்டர் சிறியதானதால் எக்ஸோஸ்ட் வேல்வு திறக்கும்போது புளொக்கின் விளிம்பில் போய் இடிக்கும். உட்கார்ந்துவிட்டது என்பதற்காக எதையும் சரியான சாமான் என்று நம்பக்கூடாது.

எஞ்சின் எது என்று தெரிந்தபிறகும் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. அறுபது ஆண்டு ஓடிய எஞ்சினை எத்தனை முறை போர் அடித்திருப்பார்கள், கிராங்கை எத்தனை முறை அரைத்திருப்பார்கள்? ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 10, 20, 30, 40 என்று சிலிண்டர் பெரிதாகிக்கொண்டே போகும். கிராங்க் அதே கணக்கில் சிறுத்துக்கொண்டே போகும். 948-இன் சிலிண்டர் பிறக்கும்போது 62.9 மில்லிமீற்றர். இன்று உங்கள் காரில் அது எவ்வளவு என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. கழற்றிய பிஸ்டனின் தலையில் 020, 040 என்று குத்தியிருக்கும், பெயரிங் ஷெல்லின் முதுகிலும் அப்படியே. அதைக் குறித்துக்கொண்டு, லேத்துக் கடையில் மைக்ரோமீற்றர் வைத்து அளந்தபிறகே சாமானுக்குக் காசு கொடுக்கவேண்டும். போர் அடிக்க இனி இடமில்லை என்றாலும் புளொக்கை எறியத் தேவையில்லை. ஸ்லீவ் இறக்கிப் பழைய அளவுக்கே கொண்டுவரலாம்.

ஒரிஜினல் கிடைக்காதபோது புதிய கொப்பியா, பாவித்த ஒரிஜினலா? வார்ப்பு, உருக்குச் சாமான்கள் என்றால் தேய்ந்த ஒரிஜினலை வாங்கிச் செப்பனிடுவதே என் தெரிவு. ரப்பர், கெஸ்கட் வகைக்கு இது பொருந்தாது. ஐம்பது வருடம் பெட்டியில் கிடந்த ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கும். அதற்குப் புதியதுதான் வேண்டும். மின்சாரச் சாமானில் இரட்டைக் கவனம் தேவை. பித்தளைத் தகட்டை ரிவெட் அடித்துப் பொருத்திய மலிவான ரோட்டர் ஆர்ம்களில், தீப்பொறி அந்த ரிவெட் வழியாகக் கீழே இறங்கி எஞ்சின் திடீரென்று நின்றுவிடும். கார்பரேட்டரையும் பெற்றோல் பம்பையும் கழற்றிப் பார்த்தும் குறை பிடிபடாது.

இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாது. பிரிட்டனின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார், 1990-களில் இலங்கையரோடு கூட்டாக நம் நாட்டிலேயே மைனர் பாகங்கள் செய்யும் பட்டறையைத் தொடங்கினார். காரைச் செய்த நாட்டுக்கே நம் கைவேலை கப்பலேறிப் போனது. திருத்தியே வாழவேண்டியிருந்த காலம் வளர்த்த கைகள் அவை.

எங்கள் கரையோரத்துக்கென்று ஒரு சோதனையும் உண்டு. மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்றுவரை கடல் பக்கத்திலேயே இருக்கிறது. 2004 சுனாமியில் உப்புநீருக்குள் மூழ்கி எழுந்த எஞ்சின்களும் உண்டு. உவர்க் கிணற்று நீரை ரேடியேட்டருக்கு ஊற்றிவந்த கார்களும் உண்டு. ஆகவே இந்தப் பக்கத்தில் பாவித்த புளொக் வாங்குபவர் சிலிண்டரை மட்டும் பார்த்துத் திருப்திப்படக்கூடாது. பக்கத்தில் வட்டமாக அடைத்திருக்கும் தகட்டு மூடிகளைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே நீரோடும் சுவரைக் கம்பியால் சுரண்டிப் பாருங்கள். துரு பொடியாக உதிர்ந்து கீழே கெட்டி இரும்பு தட்டுப்பட்டால் வாங்கலாம். படை படையாகக் கழன்றுகொண்டே வந்தால், நம்பர் பொருந்தினாலும் அந்தப் புளொக்கை விட்டுவிடுங்கள்.