கால் பார்க்கும் வேலைக்குக் கடல் கடந்து போகிறவர்கள்



நமது மருத்துவமனையில் பாதப் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொள்ள தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி பக்கங்களிலிருந்து வருகிறவர்களில் அநேகர் சர்க்கரை நோயாளிகள். அவர்களுக்குப் பணிவிடை செய்யும் வாலிபப் பிள்ளைகள் சில காலமாக ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "ஐயா, இங்கிலாந்தில் கால் பார்ப்பதற்கென்றே தனிப் படிப்பும் பதிவும் இருக்கிறதாமே, நாங்களும் போகலாமா?" காணிக்கை அனுப்பித் தாங்குகிற நண்பர்களோ, "உங்களிடம் தொழில் பழகினவர்கள் எல்லாரும் போய்விட்டால் எங்கள் உதவியினால் என்ன பலன்?" என்கிறார்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள்தான்.

முதலில் அந்த வேலை என்னவென்று சொல்லிவிடுகிறோம். இங்கிலாந்தில் பாத மருத்துவப் பணியாளரை 'போடியாட்ரிஸ்ட்' என்கிறார்கள். 'கைரோபடிஸ்ட்' என்பது பழைய பெயர். இவர் எம்.பி.பி.எஸ். டாக்டர் அல்ல. இதற்கென்று பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் மூன்று வருடம் பட்டப்படிப்பு படித்தவர். கால் ஆணியையும் காய்ப்பையும் கத்தியால் செதுக்கி எடுப்பார். சதைக்குள் வளர்ந்த நகத்தை மரத்துப்போகும் ஊசி போட்டு நீக்குவார். பாதத்துக்கு இரத்தம் ஓடுகிறதா, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார். செருப்புக்குள் வைக்கும் தாங்கு அட்டையையும் தீர்மானிப்பார். மேற்சொன்ன இரண்டு பெயர்களும் அங்கே சட்டப்படி காக்கப்பட்டவை. எச்.சி.பி.சி. என்ற சுகாதாரத் தொழில்கள் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் தம்மை அப்படி அழைத்துக்கொள்வது குற்றம். ஆஸ்திரேலியாவிலும் 2010 முதல் தேசியப் பதிவு இருக்கிறது. அமெரிக்காவின் கதை வேறு: அங்கே பட்டப்படிப்புக்குப் பிறகு நான்கு வருடம், அதன்மேல் மருத்துவமனைப் பயிற்சி என்று நீண்டுகொண்டே போகும்.

இனி சிக்கலைச் சொல்லவேண்டும். வெளிநாட்டில் படித்தவர் பதிவுக்கு விண்ணப்பித்தால், அவர் என்னென்ன படித்தார் என்பதைத் தங்கள் தர அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நம் ஊர் பிசியோதெரபிஸ்ட் அங்கே பிசியோதெரபிஸ்டாகப் பதிய முயலலாம். நர்ஸ் நர்ஸாகவே பதிய முயலலாம், அதற்குக் கவுன்சிலும் வேறு. ஆனால் பத்து வருடம் புண் கட்டிய கை என்பதற்காக மட்டும் போடியாட்ரிஸ்ட் பட்டியலில் ஒருவரையும் சேர்க்கமாட்டார்கள். அந்தப் படிப்பையே மறுபடி அங்கே படிக்கவேண்டியதாகும். கட்டணமோ உள்ளூர் மாணவர் கட்டுவதைவிட மிக அதிகம். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வு எழுதிப் பதிவுக்கு வருவதானால் மொத்தத்தில் 7, எந்தப் பகுதியிலும் 6.5-க்குக் குறையாமல் வாங்கவேண்டும்.

இந்த இடத்தில்தான் ஏஜென்டுகள் நுழைகிறார்கள். 'ஃபுட் ஹெல்த் பிராக்டிஷனர்' என்று ஒரு பெயர் உண்டு. குறுகிய காலப் பயிற்சியில் சான்றிதழ் கிடைக்கும். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பெயருக்கு எச்.சி.பி.சி. பதிவு கிடையாது. இரண்டும் ஒன்றுதான் என்று ஒருவர் சொன்னால், நகையை அடகு வைக்கப் புறப்பட்ட தாய்மார் தயவுசெய்து வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

நம் தேசத்தில் என்ன நிலைமை? 2021-இல் நிறைவேறிய துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் போடியாட்ரிஸ்ட் என்ற பெயரும் ஏறியிருக்கிறது. சட்டத்தில் பெயர் ஏறியதுபோல் கல்லூரிகளில் இடங்கள் பெருகவில்லை. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி பேர் என்று கணக்கிட்டது. அவர்கள் கால்களை இன்று பெரும்பாலும் பார்க்கிறவர்கள் சர்ஜன்களும், நர்ஸுகளும், பிசியோதெரபிஸ்டுகளும், செருப்புத் தைக்கும் தொழிலாளிகளுமே.

ஆனாலும் இந்த வித்தை நமக்கு அந்நியமானதென்று நினைக்கவேண்டாம். தாம்பரத்தில் செங்கல்பட்டு ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம், அங்கே திருமணி என்ற இடம் இருக்கிறது. இன்று அது மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம். முன்னே ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லம். 1946-இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், வந்த புதிதில் அங்கே டாக்டர் ராபர்ட் காக்ரேனைப் பார்க்கப் போனார். பிராண்ட் கொல்லிமலையில் மிஷனெரிகளின் மகனாக 1914-இல் பிறந்தவர். மடங்கிப்போன கைகளைக் கண்டு, இதை ஏன் எலும்பு மருத்துவர் ஒருவரும் ஆராயவில்லை என்று கேட்டார். அந்தக் கேள்விக்கே தம் வாழ்நாளைக் கொடுத்தார். விரல்கள் நோயினால் தாமாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் சுட்டும், குத்தியும், இரவில் எலி கடித்தும், ஒரே இடத்தில் அழுந்த அழுந்த நடந்தும் சேதப்படுகின்றன என்று வேலூரிலும் காரிகிரியிலும் அவரும் உடன் ஊழியரும் காட்டினார்கள். புண்பட்ட காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தைப் பரப்பினார்கள், எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற ரப்பரில் செருப்பு செய்தார்கள்.

1966-இல் பிராண்ட் அமெரிக்காவில் கார்வில் என்ற ஊரின் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே அவருக்கு விளங்கியது, சர்க்கரை நோயாளியின் மரத்த பாதமும் அதே விதமாகத்தான் கெட்டுப்போகிறது என்பது. நம் கட்டு அறையில் பாதத்தின் அடியில் வைத்து அழுத்தும் நைலான் இழையைப் பார்த்திருப்பீர்கள். 10 கிராம் அழுத்தத்தில் அது வளையும். அப்போதும் நோயாளிக்குத் தெரியவில்லை என்றால் அந்தப் பாதத்துக்குக் காவல் வேண்டும். அந்த அளவு நிலைபெற்றதும் கார்வில் ஆய்வுகளினால்தான். வேலூரில் கற்றது கடல் கடந்து போய், சர்க்கரை நோயாளிகளுக்காக நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது.

ஆகையால் போகிறவர்களை நாங்கள் தடுப்பதில்லை. அங்கே கொடுக்கும் சம்பளத்தை நம்மால் கொடுக்க முடியாது என்பதும் உண்மை. அதே சமயம், பழகின ஒருவர் போய்விட்டால் அடுத்தவர் கை தேற மாதங்கள் ஆகின்றன. அந்த மாதங்களில் பித்தவெடிப்பு என்று அலட்சியமாக விடப்பட்டது புரையோடி, காலை எடுக்கும் நிலைக்கு வரலாம். இதனால் இனி ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேரைப் பழக்க விரும்புகிறோம். ஒருவர் போனாலும் கட்டு அறை அடைபடாது. இதற்கு ஆகும் அதிகப்படியான செலவையே இந்த முறை உங்கள் முன் வைக்கிறோம்.

போக விரும்பும் பிள்ளைகள் பணம் கட்டுமுன் அலுவலகத்துக்கு வாருங்கள். எச்.சி.பி.சி. பதிவேடும், அந்தக் கவுன்சில் ஏற்றுக்கொண்ட படிப்புகளின் பட்டியலும் எவரும் பார்க்கத் திறந்திருக்கின்றன. ஏஜென்ட் சொல்லும் படிப்பின் பெயர் அதில் இருக்கிறதா என்று உங்களோடு உட்கார்ந்து தேடிப் பார்ப்போம்.