பட்ட மரமும் நல்ல விறகும்

மூணாறு, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர். அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் யூகலிப்டஸ் மரங்கள் விறகுக்காகவே வளர்க்கப்படுகின்றன. தேயிலையை உலர்த்தும் ஆலைகளுக்கும், தமிழ்த் தொழிலாளர்களின் வீட்டு அடுப்புகளுக்கும் அவ்விறகு பயன்பட்டு வருகிறது.

பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீராகும். அதனை எரித்தால், வெப்பம் முதலில் அந்நீரை ஆவியாக்கவே செலவாகிறது. எனவே சுடர் குறைந்து புகை மிகும். அப்புகை கண்ணை எரிக்கும். நாள்தோறும் சுவாசிப்போரின் நுரையீரலையும் கெடுக்கும்.

பட்ட மரம் நின்றபடியே ஓரளவு உலர்ந்திருக்கும். எனினும் அடிமரத்தின் உள்ளே ஈரம் தங்கும். பட்டை அதனை எளிதில் வெளியேற விடாது. ஆகவேதான் விறகைப் பிளக்கிறார்கள். துண்டின் முனையிலுள்ள வெடிப்பில் ஆப்பை வைத்து அடித்தால், நார் செல்லும் போக்கில் மரம் பிளக்கும். கணு உள்ள இடம் எளிதில் பிளக்காது. பட்ட மரத்தின் கிளைகள் திடீரென முறியக்கூடும். ஆதலால் வெட்டுமிடத்திற்குச் சிறுவர் செல்லலாகாது.

பிளந்த விறகைக் காற்றுப் புகுமாறு இடைவெளி விட்டு, மழை படாத இடத்தில் அடுக்க வேண்டும். ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் அது காய்ந்திருக்க வேண்டும். இரு விறகுகளைத் தட்டிப் பாருங்கள்: கணீரென ஒலித்தால் காய்ந்தவை, மந்தமாக ஒலித்தால் ஈரமுள்ளவை.