கூடி நீந்தும் மீன்கள்

சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பக்கம் போகும் நம் மக்கள் தேக்கா சந்தைக்குள் ஒரு முறை தலையைக் காட்டாமல் திரும்புவது அரிது. அங்கே மீன் பகுதியில் ஐஸ் கட்டியின்மேல் நெத்திலி, சாளை, கெம்போங், பாரை என்று வகை வகையாகக் குவிந்திருக்கும். இவையெல்லாம் கடலில் கூட்டம் கூட்டமாக வாழும் மீன்கள். கூடி வாழ்வதால் ஒரே வலையில் ஏராளமாகச் சிக்குகின்றன. நெத்திலியும் சாளையும் ஏழை வீட்டுக் குழம்புக்கு எட்டும் விலையில் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கூடி வாழும் மீன்களை உப்புநீர்த் தொட்டியில் உயிரோடு வளர்ப்பதும் உண்டு. சிங்கப்பூர் அலங்கார மீன் வாணிகத்தில் உலகப் பெயர் பெற்ற நகரம். ஜொகூர் தோட்டங்களிலிருந்து அங்கே வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் மீன் கடைகளைப் பார்க்கிறார்கள். கண்ணாடிக்குள் பச்சையும் வெள்ளியுமாக மின்னும் சிறு மீன்களைக் கண்டால், நம் வீட்டிலும் பத்து வாங்கி விட்டால் என்ன என்ற ஆசை வருகிறது. ஆசைப்படுவதில் குற்றமில்லை. ஆனால் சம்பளப் பணத்தை எடுத்துக் கொடுக்குமுன் சில செய்திகளைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில், ஆயிரம் மீன்கள் ஒன்றோடொன்று மோதாமல் ஒரே உடம்பைப்போல் திரும்புகின்றனவே, அது எப்படி? தோட்டத்தில் காலைப் பெரட்டு என்றால் பெயர் கூப்பிட ஆள் உண்டு, வேலை பிரித்துக் கொடுக்க மண்டோர் உண்டு. மீன் கூட்டத்தில் மண்டோரே கிடையாது. ஒவ்வொரு மீனும் தன் பக்கத்தில் உள்ள சில மீன்களை மட்டும் கவனிக்கிறது. அவற்றின்மேல் இடிக்காமலும், அவற்றை விட்டு விலகாமலும், அவை போகும் திசையிலேயே போகிறது. இந்தச் சின்ன ஒழுங்குகளைப் பல மீன்கள் ஒரே நேரத்தில் கடைப்பிடிக்கும்போது கூட்டம் முழுவதும் ஒன்றாக வளைகிறது.

கவனிப்பதற்கு மீனிடம் இரண்டு கருவிகள் உள்ளன. ஒன்று கண். மற்றொன்று பக்கக்கோடு. செவுளின் பக்கமிருந்து வால்வரை உடம்பின் இரு புறமும் ஓடும் மெல்லிய கோட்டை நீங்கள் மீன் ஆயும்போது பார்த்திருப்பீர்கள். அது வெறும் கோடன்று. பக்கத்து மீன் வாலை அசைத்தால் தண்ணீரில் உண்டாகும் அதிர்வை அறியும் உறுப்பு அது. 1976-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அறிவியலார் ஐந்து கடல் மீன்களின் கண்களை மூடி, வட்டமான தொட்டியில் நீந்திக்கொண்டிருந்த 25 மீன்களுடன் விட்டார்கள். கண் மூடிய மீன்களும் கூட்டத்தோடு சேர்ந்தே நீந்தின. வேறு ஐந்து மீன்களுக்குப் பக்கக்கோட்டு நரம்பையும் துண்டித்துக் கண்ணையும் மூடியபோது, அவற்றால் கூட்டத்தில் சேர முடியவில்லை.

அடுத்து, மீன்கள் ஏன் கூடுகின்றன? பெரிய மீனுக்குப் பயந்துதான். தனியே திரியும் மீனைத் துரத்திப் பிடிப்பது எளிது. பல நூறு மீன்கள் பளபளவென்று இங்கும் அங்கும் திரும்பினால், துரத்துகிற மீனுக்கு எதைக் குறிவைப்பது என்று தெரியாமல் கண் தடுமாறும். மேலும், பல கண்கள் பார்ப்பதால் ஆபத்து சீக்கிரம் தெரிந்துவிடும். ஆகவே கூட்டம் என்பது திறந்த கடலில் சிறிய மீனுக்கு வாய்த்த அரண்.

அப்படியானால் கூட்டத்தைத் தொட்டியில் காட்டுவது எப்படி? சிங்கப்பூரிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. லிட்டில் இந்தியா நிலையத்தில் வடகிழக்குப் பாதை ரயிலில் ஏறினால், வழியில் கிளார்க் கீ நிலையம் வரும். அதன் அருகே ஃபோர்ட் கேனிங் குன்றின் அடிவாரத்தில் வான் கிளீஃப் மீன் காட்சியகம் இருந்தது. வான் கிளீஃப் என்ற டச்சுக்காரர் சிங்கப்பூர் நகராட்சிக்கு எழுதிவைத்த சொத்தைக் கொண்டு கட்டிய அது, 1955-இல் திறக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் பள்ளிப் பிள்ளைகள் அங்கே மீன் பார்த்தார்கள். அந்தக் கட்டடம் இப்போது இல்லை. அதே ரயிலில் கடைசி நிலையமாகிய ஹார்பர்ஃபிரண்ட்வரை சென்று செந்தோசாத் தீவுக்குள் போனால், இன்றைய பெரிய காட்சியகத்தைக் காணலாம். 2012-இல் திறக்கப்பட்ட அது, விரிவாக்கப்பட்டு 2025-இல் சிங்கப்பூர் ஓஷனேரியம் என்று புதுப்பெயர் பெற்றது. 2012-இல் அமைத்த பெருந்தொட்டியின் பார்வைச் சுவர் 36 மீட்டர் அகலம், 8.3 மீட்டர் உயரம். ஏறக்குறைய 118 அடிக்கு 27 அடி என்று கொள்ளுங்கள். நம் பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றையே உள்ளே வைத்துவிடலாம்.

அத்தனை பெரிய தொட்டி ஆடம்பரத்துக்காக மட்டும் கட்டியதன்று. பாரை போன்ற கடலோடி மீன்கள் நின்ற இடத்தில் நிற்பவை அல்ல. அவற்றுக்கு நீந்த நீளம் வேண்டும். மூலைகளில் முட்டி நிற்காமல் சுற்றி வர இடம் வேண்டும். பெரிய மீன்கள் தொலைவில் உலவுவதைக் கண்டால்தான் சிறியவை நெருங்கிச் சேரும். இடம், ஓட்டம், வெளியே ஓர் அச்சம் ஆகிய மூன்றும் இருந்தால் கூட்டம் கூட்டமாகவே இருக்கும்.

இனி வீட்டுத் தொட்டிக்கு வருவோம். கடைகளில் அதிகம் விற்பது பச்சைக் குரோமிஸ் என்ற சிறு மீன். பவளப்பாறையின்மேல் நூற்றுக்கணக்கில் மிதக்கும்; ஆபத்து வந்தால் பவளக் கிளைகளுக்குள் புகுந்துகொள்ளும். அங்கே வலியது ஒன்று எளியதைத் துரத்தினாலும், ஓடி ஒளிய இடம் உண்டு. மூன்றடித் தொட்டியில் ஓட இடமேது? துரத்தப்பட்ட மீன் மூலையில் ஒதுங்கும். இரைக்கு வர அஞ்சும். மெலிந்து, நோய் கண்டு, இறக்கும். அது போனபின் அடுத்த எளியது அகப்படும். இப்படிப் பத்து மீன் வாங்கியவரிடம் சில மாதங்களில் இரண்டு மூன்றே மிஞ்சுவது பலரும் கண்ட அனுபவம். தண்ணீர்தான் கெட்டுவிட்டது என்று எண்ணி, அவர் மேலும் பத்து வாங்குவார். அவற்றுக்கும் அதே கதிதான்.

இன்னொன்று பங்காய் கார்டினல். இந்தோனேசியாவில் சுலவேசிக்கு அருகேயுள்ள பங்காய்த் தீவுகளுக்கே உரிய மீன் இது. இளம் மீன்கள் கடல் முள்ளெலியின் நீண்ட முட்களுக்கிடையே கூட்டமாக ஒதுங்கும். ஆண் மீன் முட்டைகளை வாயில் வைத்துக் காக்கும். தொட்டியில் இவை வளர்ந்து இணை சேர்ந்தவுடன், அந்த இணை மற்றவற்றைத் துரத்தத் தொடங்கிவிடும். கோடு போட்ட கடல் கெளுத்திக் குஞ்சையும் பார்த்து வாங்க வேண்டும். இது செம்பிலாங் இனத்தைச் சேர்ந்தது. குஞ்சுகள் கரும்பந்துபோல் திரண்டு உருள்வது வேடிக்கைதான். ஆனால் வளர்ந்தால் ஓரடி நீளம் வரும், கூட்டமும் கலையும். அதன் முள்ளில் விஷம் உண்டு. பிள்ளைகள் கைவிடும் தொட்டியில் அது வேண்டாம்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் வளர்க்க விரும்புவோர் சில முறைகளைக் கைக்கொள்ள வேண்டும். கூட்ட மீனுக்குத் தொட்டி நான்கடி நீளத்துக்குக் குறையக்கூடாது. சமையல் உப்பு உதவாது. மீன் கடையில் விற்கும் கடல் உப்புக் கலவையை லிட்டருக்கு 35 கிராம் அளவில் கரைக்க வேண்டும். 100 லிட்டருக்கு மூன்றரைக் கிலோ ஆகும். வெயில் நாளில் நீர் ஆவியாகிக் குறைந்தால் நல்ல தண்ணீரையே ஊற்றுங்கள், உப்புநீரை ஊற்றாதீர்கள். நீர்தான் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும்.

புதுத் தொட்டியில் உடனே மீன் விடக்கூடாது. மீன் கழிவிலிருந்து அம்மோனியா என்ற நஞ்சு உண்டாகிறது. அதை மாற்றித் தீங்கு குறைக்கும் நுண்ணுயிர்கள் பெருகி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். பொறுமையின்மையால் மடிந்த மீன்கள் கணக்கில் அடங்கா. பிறகு ஒரே அளவுள்ள மீன்களாகப் பார்த்து, அவற்றை ஒன்றாகவே விட வேண்டும். ஒன்றை முன்பும் ஒன்றைப் பின்பும் விட்டால், முன்பு வந்தது தொட்டியைத் தன் சொத்தாக்கிக்கொள்ளும். இரையைச் சிறிது சிறிதாக, பல வேளைகளில், இரண்டு மூன்று இடங்களில் போடுங்கள். ஒரே இடத்தில் போட்டால் வலியதன் வாய்க்கே போகும். விளக்கைத் திடீரென்று போடுவதும் கண்ணாடியைத் தட்டுவதும் கூடா. பக்கக்கோட்டால் அதிர்வை உணரும் மீன், மிரண்டு சுவரில் மோதும்.

மற்றொரு செய்தி. நன்னீர் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை. கடல் மீன்களில் பெரும்பாலானவை பவளப்பாறைகளிலிருந்து பிடித்து வந்தவை. 1960-களில் பிலிப்பீன்சில் தொடங்கி, சயனைடு நஞ்சைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் கெட்ட வழக்கம் பரவியது. அதனால் மீனும் சாகும், பவளமும் சாகும். பங்காய் கார்டினலோ, வாணிகத்துக்காக அளவின்றிப் பிடிக்கப்பட்டதால், 2007-இல் அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. அது தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கக் கூடிய மீன். ஆகவே கடைக்காரரிடம், இது பண்ணையில் வளர்ந்ததா என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பவர்கள் பெருகினால் விற்பவர்களும் மாறுவார்கள்.

நம் வருமானத்துக்கும் வீட்டின் அளவுக்கும் உப்புநீர்த் தொட்டி ஒத்துவராது என்று பல குடும்பங்கள் முடிவு செய்யலாம். அது நல்ல முடிவே. கூட்ட மீனின் அழகைக் காண அதை வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. தோட்டத்து ஆற்றங்கரையில் செலுவாங் மீன்கள் திரியும் இடம் பிள்ளைகளுக்குத் தெரியும். கரையில் அசையாமல் உட்காரச் சொல்லுங்கள். மீன்கள் பரவலாக மேயும். பிறகு கையை நீட்டி நிழல் விழச் செய்யட்டும். சிதறிக் கிடந்த மீன்கள் நொடியில் நெருங்கி ஒரே பக்கம் திரும்புவதைக் காண்பார்கள். எந்த மீன் முதலில் திரும்பியது, நிழல் விலகிய பின் எவ்வளவு நேரத்தில் மீண்டும் பரவின என்று அவர்கள் குறிப்பேட்டில் எழுதி வரட்டும். அறிவியல் பாடம் அங்கிருந்தே தொடங்கலாம்.