சுடரின்றிப் பற்றும் திரவம்

எரியக்கூடிய திரவங்களை வகைப்படுத்துவோர் முதலில் நோக்குவது ‘ஃபிளாஷ் பாயின்ட்’ எனும் தீப்பற்று நிலையை. திரவத்தை மூடிய கிண்ணத்தில் மெல்லச் சூடாக்கி, இடையிடையே மூடியைச் சிறிது திறந்து ஒரு சிறு சுடரைக் காட்டுவார்கள். எந்த வெப்பநிலையில் ஆவி ‘பக்’கென்று பற்றி அணைகிறதோ, அதுவே தீப்பற்று நிலை. எரிவது திரவம் அன்று, அதன் ஆவியே.

ஐக்கிய நாடுகள் அவை வகுத்த முறைப்படி, தீப்பற்று நிலை 23 டிகிரி செல்சியசுக்குக் கீழும், கொதிநிலை 35 டிகிரிக்கு மேலும் இருந்தால் அத்திரவம் இரண்டாம் வகை. நமக்கு நன்கு பழக்கமான எத்தில் ஆல்கஹால் (தீப்பற்று நிலை 13, கொதிநிலை 78) இவ்வகையைச் சேர்ந்தது. கார்பன் டைசல்பைடும் (மைனஸ் 30, 46) இவ்வகையே! இவ்விரண்டையும் ஒரே வரிசையில் கண்டபோது எனக்கு வியப்பாகத்தான் இருந்தது.

ஏனெனில், தீப்பற்று நிலையை அறியச் சுடர் வேண்டும். சுடரே இன்றிச் சூட்டினால் மட்டும் ஆவி தானே பற்றிக்கொள்ளும் வெப்பநிலை வேறொன்று உண்டு. ஆல்கஹாலுக்கு அது ஏறத்தாழ 363 டிகிரி. கார்பன் டைசல்பைடுக்கோ ஏறத்தாழ 90 டிகிரிதான்! தண்ணீர் கொதிப்பதே 100 டிகிரியில் அன்றோ? உறையிடாத நீராவிக் குழாய் ஒன்றே தீக்குச்சியின் வேலையைச் செய்துவிடும். எனவே இவ்வாவி உலவக்கூடிய இடங்களில், மேற்பரப்பு 85 டிகிரியைத் தாண்டாத ‘டி-6’ இன மின்கருவிகளையே பொருத்துகிறார்கள்.

இன்னும் கேளுங்கள். ஆல்கஹால் ஆவி காற்றில் சுமார் 3.3 முதல் 19 விழுக்காடு வரை கலந்திருந்தால்தான் எரியும். இதுவோ 1.3 முதல் 50 விழுக்காடு வரை எரியும். இதன் ஆவி காற்றைப்போல் 2.6 மடங்கு கனமானது. தரையோடு தவழ்ந்து சாக்கடை வழியே நெடுந்தொலைவு சென்று, அங்கே பற்றித் திரும்பி வரும். எரிந்தால் மூச்சைத் திணறடிக்கும் கந்தக டைஆக்சைடும் வெளிப்படும்.

போக்குவரத்து விதிகள் இவ்வேற்றுமையை உணர்ந்தே வகுக்கப்பட்டுள்ளன. ஆல்கஹாலை இரண்டாம் சிப்பத் தொகுதியில் வைத்தவர்கள், 1131 என்ற எண்ணுடைய இதனை மிகுந்த அபாயத்திற்குரிய முதல் தொகுதியில் வைத்து, நஞ்சு என்றும் குறித்தனர். நஞ்சு என்பது வெறும் சொல்லன்று. 1856இல் பாரிஸ் மருத்துவர் டெல்பெக், ரப்பர்த் தொழிலில் இதனைக் கையாண்ட தொழிலாளர்களின் நரம்புகளும் மனநிலையும் சிதைவதை எடுத்துரைத்தார். நமது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமும், அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இந்நஞ்சேற்றத்தைச் சேர்த்திருந்தது.

இருந்தும் மரக்கூழை ரேயான் இழையாகவும் செல்லோபேன் தாளாகவும் மாற்றும் விஸ்கோஸ் முறைக்கு இது தேவைப்படுகிறது. அப்படியானால் இதை எப்படிச் சேமிப்பது? விடை இதன் இன்னொரு பண்பிலேயே இருக்கிறது. பெட்ரோல் தண்ணீரின்மேல் மிதந்து எரியும். இதன் அடர்த்தியோ 1.26, நீரில் கரைவதும் மிகச் சொற்பம். ஆகவே தொட்டியில் இதன்மேல் தண்ணீரை ஊற்றி வைத்தால், திரவம் அடியில் கிடக்கும், ஆவி மேலெழாது. தொட்டியிலிருந்து இறைக்கும்போதும், காற்றை உள்ளே விடாமல், இறைத்த அளவுக்குத் தண்ணீரையோ நைட்ரஜனையோ நிரப்பிக்கொண்டே வருவார்கள்.